இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் சோர்ஸின் உரிமத்தை நிறுவனங்கள் ஏன் மீறுகின்றன?

காசே கேட்காத ஒன்றை எதற்காகத் திருட வேண்டும், சோர்ஸ் கோடை (புரோகிராமர்கள் எழுதிய மூல நிரலை)க் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மீறுகிற பக்கம் நானே போய் உட்காரும் வரை.

பெயர் வேண்டாம், ரவுட்டர் மாதிரி ஒரு சின்னக் கருவி விற்ற நிறுவனம், எனக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) வேலை. ஒருநாள் சப்போர்ட் முகவரிக்கு ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார்: உங்கள் கருவியில் லினக்ஸ் கெர்னலும் பிஸிபாக்ஸும் இருக்கின்றன, இரண்டும் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, சோர்ஸ் கோட் அனுப்புங்கள். (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி, பிஸிபாக்ஸ் சின்னச் சின்னக் கட்டளைகளின் தொகுப்பு. ஜிபிஎல் என்பது, மென்பொருளை விநியோகிப்பவர் அதன் சோர்ஸ் கோடையும் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் உரிமம்.) அவர் கண்டுபிடித்ததில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாங்களே இணையத்தில் போட்டிருந்த அப்டேட் ஃபைலை இறக்கிப் பிரித்து, ஃபைலுக்குள் இருக்கும் எழுத்துகளை மட்டும் எடுத்துக் காட்டும் ஸ்ட்ரிங்ஸ் என்ற கட்டளையை ஓட்டினால் பிஸிபாக்ஸின் பெயரும் பதிப்பு எண்ணும் தானாக வந்து விழும். சப்போர்ட்டில் இருந்த பையனுக்குக் கடிதம் புரியவில்லை, கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள் என்று வழக்கமான பதிலை அனுப்பிவிட்டான்.

இரண்டாவது கடிதம் கொஞ்சம் காரமாக, மேலிடத்துக்கே வந்தது. அப்போதுதான் தேட ஆரம்பித்தோம், தேடினால் எங்களிடம் சோர்ஸ் கோட் இல்லை. மறைத்து வைக்கவெல்லாம் இல்லை, உண்மையிலேயே இல்லை. சிப் செய்தவர்கள் கொடுத்த எஸ்டிகே (அந்தச் சிப்புக்கு மென்பொருள் செய்யத் தேவையான தொகுப்பு) ஒரு ஜிப் ஃபைலாக இருந்தது, அதில் கெர்னல் இருந்தது, ஆனால் வைஃபை டிரைவர் மட்டும் ஏற்கெனவே கம்பைல் ஆன பைனரி, அதாவது இயந்திரத்துக்கு மட்டும் புரியும் வடிவம். அதன் மேல் போர்டு செய்தவர்கள் ஏதோ பேட்ச் (திருத்தம்) போட்டிருந்தார்கள். விற்பனைக்குப் போன பில்டை, அதாவது கோடிலிருந்து கம்பைல் செய்த இறுதி மென்பொருளை, போட்டவர் ஒரு வருடம் முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார், அவருடைய லேப்டாப்பை ஃபார்மட் செய்து இன்னொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. கருவித் தொழிலில் பெரும்பாலும் இதுதான் கதை: சிப் ஒருவர், போர்டு ஒருவர், பெட்டியில் பெயர் ஒட்டி விற்பவர் ஒருவர். கடைசி ஆள் கோடைப் பார்த்திருக்கவே மாட்டார், ஆனால் விநியோகிப்பவர் அவர்தான் என்பதால் உரிமம் அவர் கழுத்தைத்தான் பிடிக்கும்.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 2003ல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள், அதே வருடம்தான் நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோ லிங்க்சிஸை வாங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் சோர்ஸ் கோடை வெளியிட்டார்கள், அதிலிருந்து ரவுட்டர்களுக்கான ஓப்பன் சோர்ஸ் இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டி பிறந்தது (அந்த ரவுட்டர் வருடக்கணக்காக விற்றதற்கு அதுவும் ஒரு காரணம், அதுதான் வேடிக்கை). ஆனாலும் குறைகள் தீரவில்லை, 2008 டிசம்பரில் ஜிபிஎல்லை வெளியிட்ட அமைப்பான ஃப்ரீ சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன் சிஸ்கோ மீது வழக்குப் போட்டு, 2009ல் சமரசம் ஆனது. அதன்படி உரிம விஷயங்களைக் கவனிக்கவே தனியாக ஒருவரை நியமிக்க சிஸ்கோ ஒப்புக்கொண்டது. இந்தப் பதவிதான் பல நிறுவனங்களில் இல்லை. டெவலப்பருக்கு ரிலீஸ் தேதி, மேனேஜருக்கு பட்ஜெட், வக்கீலுக்கு ஒப்பந்தங்கள். எந்த லைப்ரரி (பிறர் எழுதிய ஆயத்தக் கோட்) எந்த உரிமத்தில் உள்ளே வந்தது என்று பார்ப்பது யார் வேலை? யார் வேலையும் இல்லை. எம்ஐடி உரிமம் என்று இன்னொரு எளிய ஓப்பன் சோர்ஸ் உரிமம் கேட்பதே பதிப்புரிமை வரிகளையும் உரிம வாசகத்தையும் கூடவே வையுங்கள் என்பதுதான், அதைக்கூடச் செய்யாத செயலிகள் எக்கச்சக்கம்.

சரி, தெரிந்தே செய்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், தாராளமாக. அவர்களுடைய கணக்கு எளிது: யார் கேட்கப் போகிறார்கள்? வழக்கமாகப் பதிப்புரிமை வைத்திருப்பவர்தான் வழக்குப் போட முடியும், அவர் பெரும்பாலும் தனி ஆள். கெர்னல் டெவலப்பர் கிறிஸ்டோஃப் ஹெல்விக் 2015ல் ஜெர்மனியில் விஎம்வேர் என்ற மென்பொருள் நிறுவனம் மீது வழக்குப் போட்டார், எந்த வரிகள் தன்னுடையவை, அவை எங்கே பயன்பட்டிருக்கின்றன என்று போதுமான அளவு நிரூபிக்கவில்லை என்று தள்ளுபடி ஆகி, 2019ல் மேல்முறையீட்டிலும் தோற்றார். பிரான்ஸில் ஆன்ட்ரூவேர் என்ற சின்ன நிறுவனம் தொலைத்தொடர்பு நிறுவனமான ஆரஞ்ச் மீது போட்ட வழக்கு பத்து வருடங்களுக்கு மேல் இழுத்து 2024ல்தான் இழப்பீட்டுத் தீர்ப்புக்கு வந்தது. அவ்வளவு நாள் தாக்குப்பிடிக்க எத்தனை பேரால் முடியும்? இதில் ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வேறு, முதல்முறை மாட்டிக்கொண்டவர் நோட்டீஸ் வந்து 30 நாளுக்குள் சரிசெய்தால் உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அந்தப் பெருந்தன்மை சரிதான் என்பது என் கட்சி, ஆனால் மாட்டினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவருக்கும் அது வசதியாகப் போகிறது. 2021ல் சாஃப்ட்வேர் ஃப்ரீடம் கன்சர்வன்ஸி என்ற லாபநோக்கற்ற அமைப்பு விஸியோ டிவி விஷயத்தில், பதிப்புரிமைக்காரராக அல்லாமல் வாங்கியவர் என்ற முறையில் வழக்குப் போட்டது இதனால்தான். டிவி வாங்கிய யாரும் கோடைக் கேட்கலாம் என்று ஆனால் இந்தக் கணக்கே மாறிவிடும்.

திருட்டும் சோம்பலும் போக, பயம் என்று ஒன்று இருக்கிறது, எங்கள் அலுவலகத்தில் நான் கண்ணால் பார்த்தது அதுதான். கடிதத்தைப் படித்ததும் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, "அப்போ நம்ம ஆப் கோடையும் கொடுக்கணுமா?" கெர்னலுக்கு மேலே தனி புரோகிராமாக ஓடுவதைக் கொடுக்க வேண்டியதில்லை என்று நான் சொன்னேன், எழுதிக் கொடு என்றார், எனக்குக் கை வரவில்லை, வக்கீலும் பிடி கொடுக்கவில்லை. யாரும் பொறுப்பேற்காததால் பதில் போடாமலே இரண்டு வாரம் ஓடிவிட்டது. வெளியே இருந்து பார்ப்பவருக்கு அது திமிராகத்தான் தெரிந்திருக்கும்.

கடைசியில் எஸ்டிகேயில் இருந்த கெர்னலையும் பிஸிபாக்ஸையும் சுருட்டி ஒரு டார் ஃபைலாக அனுப்பினோம். மறுநாளே பதில் வந்தது: கான்ஃபிக் ஃபைல் (கெர்னலை எந்தெந்த அமைப்புகளோடு கம்பைல் செய்தது என்ற பட்டியல்) இல்லை, பில்ட் ஸ்கிரிப்ட் இல்லை, அவையும் சேர்ந்ததுதான் சோர்ஸ் கோட் என்று ஜிபிஎல்லின் மூன்றாம் பிரிவில் எழுதியிருக்கிறதே? எழுதித்தான் இருக்கிறது. அந்தக் கான்ஃபிக்கும் எங்களிடம் இல்லை. நல்லவேளையாக ஓடுகிற கெர்னலிலேயே அதைப் பொதித்து வைக்கும் வசதியை யாரோ ஆன் செய்திருந்தார்கள், நாங்கள் விற்ற கருவி ஒன்றைக் கொண்டுவந்து, அதற்குள் நுழைந்து, எங்களுடைய கான்ஃபிக்கை நாங்களே வெளியே எடுத்து அவருக்கு அனுப்பினோம்.