'அக்கா' ஏன் 'அகா' ஆகிறாள்? மெக்கானிக்கல் கீபோர்டு கேள்வி-பதில்

வடசென்னை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் முக்கால்வாசி "ரெட் வாங்கலாமா, புளூ வாங்கலாமா, பிரவுன் வாங்கலாமா" என்றுதான் ஆரம்பிக்கின்றன. இந்த நிறங்கள் ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் தன் எம்எக்ஸ் சுவிட்சுகளுக்கு (ஒவ்வொரு கீயின் அடியிலும் இருப்பவை) வைத்த அடையாளங்கள். ரெட் தடையில்லாமல் இறங்கும் லீனியர் வகை, பிரவுன் நடுவில் விரலுக்கு ஒரு 'தட்டு' தெரியும் டாக்டைல் வகை, புளூ அதோடு சத்தமும் போடும் கிளிக்கி வகை. பின்னால் வந்த கேட்டரான், கெய்ல், அவுட்டெமு நிறுவனங்கள் எல்லாம் நிறத்தை அப்படியே எடுத்துக்கொண்டன. ஆனால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு மாதிரி. எனவே நிறத்தை நம்பி வாங்காதீர்கள். மூன்று எண்களைக் கேளுங்கள்: அழுத்தத் தேவையான எடை, எத்தனை மில்லிமீட்டரில் எழுத்து விழுகிறது, மொத்தம் எவ்வளவு ஆழம் இறங்குகிறது. செர்ரி ரெட் என்றால் ஏறக்குறைய 45 கிராம், 2 மி.மீ., 4 மி.மீ. இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதை ஒப்பிடலாம்.

தண்டையார்பேட்டையிலிருந்து: சார், டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். நாள் முழுக்க தமிழ்99 விசைப்பலகை முறையில்தான் வேலை. புளூ சுவிட்ச் கீபோர்டு வாங்கினேன். சத்தம் பிடித்திருக்கிறது. ஆனால் வேகமாக அடிக்கும்போது இரட்டை எழுத்தில் ஒன்று விழுகிறது, ஒன்று விழுவதில்லை. 'அக்கா' அடித்தால் 'அகா' வருகிறது. கீபோர்டு பழுதா?

பழுது இல்லை. புளூ சுவிட்சின் அமைப்பே அப்படி. தமிழ்99-இல் அடிப்பவர்களுக்குத்தான் இது அதிகம் தெரியும்.

தமிழ்99-இல் ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. அதனால் க்க, த்த, ப்ப, ட்ட, ம்ம எல்லாமே ஒரே கீயை அடுத்தடுத்து இரண்டு தட்டு. தமிழில் இரட்டிப்பு இல்லாத வாக்கியத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் தட்டுபவருக்கு இந்த அளவுக்கு ஒரே கீயில் இரட்டைத் தட்டு வராது.

புளூவின் தண்டு (கீயோடு சேர்ந்து கீழே இறங்கும் பாகம்) இரண்டு துண்டு. உள்ளே ஒரு சின்ன வெள்ளைத் துண்டு தனியாக நழுவி விழும்போதுதான் அந்தக் 'கிளிக்' கேட்கிறது. 2.2 மி.மீ. ஆழத்தில் எழுத்து விழும். ஆனால் மறுபடி அழுத்தத் தயாராக வேண்டுமானால், விழுந்த இடத்தைத் தாண்டி கீ நன்றாக மேலே வந்தாக வேண்டும். ரெட், பிரவுன் வகைகளில் எழுத்து விழும் ஆழமும் கீ விடுபடும் ஆழமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். புளூவில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. வேகத்தில் விரலை முழுதாகத் தூக்காமல் இரண்டாவது முறை அழுத்தும்போது சுவிட்ச் இன்னும் விடுபட்டிருக்காது. இரண்டாவது 'க' போய்விடும்.

சத்தம் வேண்டும் என்றால் கெய்ல் பாக்ஸ் ஒயிட் பாருங்கள். அதில் கிளிக் தருவது தனியாக இருக்கும் ஒரு மெல்லிய கம்பி, நழுவும் துண்டு அல்ல. இரட்டைத் தட்டு தவறுவது நன்றாகக் குறையும். எடை சுமார் 50 கிராம். சத்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விரலுக்கு ஒரு 'தட்டு' தெரிந்தால் போதும் என்றால் பிரவுன் மாதிரியான டாக்டைல் வகை, 55 கிராம் வரை.

அதற்கு மேல் கனமாகப் போகாதீர்கள். தமிழ்99 பலகையில் ந, ய, ச, ஞ, ண, ழ ஆறும் வலது கைச் சுண்டுவிரலில்தான் விழுகின்றன. கையிலேயே பலம் குறைந்த விரலுக்கு இவ்வளவு வேலை. 65, 70 கிராம் சுவிட்சில் நாள் முழுக்க அடித்தால் சாயங்காலம் முதலில் வலிப்பது அந்த விரல்தான். ஹாட்-ஸ்வாப் கீபோர்டு (சால்டரிங் இல்லாமல் சுவிட்சைக் கழற்றி மாட்டக்கூடியது) என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது: எல்லாக் கீக்கும் 55 கிராம் போட்டுவிட்டு, அந்த ஆறுக்கு மட்டும் அதே வகையில் 45 கிராம் போடுங்கள். ஒரே நாளில் வித்தியாசம் தெரியும்.

இன்ஸ்டிட்யூட்டில் டைப்ரைட்டர் மெஷினில் பழகிய கை என்றால் இன்னொன்றும் உண்டு. மெஷினில் அடிவரை குத்தினால்தான் காகிதத்தில் எழுத்துப் பதியும். இங்கே பாதி ஆழத்திலேயே எழுத்து விழுந்துவிடும். மீதிக் குத்து முழுக்க விரல் மூட்டுக்குத்தான் போகிறது. டாக்டைல் வகையில் அந்த 'தட்டு' தெரிந்ததும் விரலை எடுக்கப் பழகினால் மூட்டு வலி குறையும். லீனியரில் இந்த அறிகுறியே கிடையாது என்பதால் பழைய டைப்பிஸ்ட்டுகளுக்கு அதைச் சொல்ல மாட்டோம்.

கொளத்தூரிலிருந்து: அண்ணா, காலேஜ் படிக்கிறேன். வேலரண்ட் ஆடுவேன், கோடிங்கும் செய்வேன். ஒரே கீபோர்டுதான் வாங்க முடியும். ஸ்பீடு சில்வர் நல்லது என்கிறார்களே?

தம்பி, சில்வர் வேண்டாம். செர்ரி ஸ்பீடு சில்வரில் 1.2 மி.மீ.-இலேயே எழுத்து விழும். விளையாட்டில் அது லாபம். ஆனால் கோடிங் செய்யும்போது விரல் சும்மா கீயின் மேல் படுத்திருந்தாலே தேவையில்லாத எழுத்து விழும். செமிகோலன் தானாக ஒன்று கூடுதலாக விழுந்தால் அதைத் தேடியே அரை மணி நேரம் போய்விடும்.

லீனியர் வகையில் 45 முதல் 50 கிராம், 2 மி.மீ. உங்களுக்குச் சரி. கேட்டரான் எல்லோ இந்த வகைதான். கேரமில் ஸ்ட்ரைக்கர் எடையை அவரவர் கைக்குப் பார்த்து எடுப்பது போல இதையும் கையில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கீ மேல் கையை ஊன்றி வைக்கும் பழக்கம் இருந்தால் 60 கிராம் பிளாக் வகையும் பொருந்தும்.

சுவிட்சை விட முக்கியமான ஒன்றை யாரும் கேட்பதில்லை. ஆடும்போது புளூடூத்தில் ஆடாதீர்கள். வயர் அல்லது 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிள். 1000 ஹெர்ட்ஸ் என்றால் கீபோர்டு 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை தகவல் சொல்கிறது. புளூடூத்தில் பெரும்பாலும் அது பல மடங்கு மெதுவு. ரெட்டிலிருந்து சில்வருக்கு மாறிக் கிடைப்பதை இங்கே விட்டுவிடுவீர்கள்.

காசிமேட்டிலிருந்து: கடலுக்கு ரொம்பப் பக்கத்தில் வீடு. கீபோர்டு வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 'ப' ஒரு தடவை தட்டினால் இரண்டாக விழுகிறது. 'பல்' அடித்தால் 'ப்பல்'. சில கீ பலமாக அழுத்தினால்தான் வேலை செய்கிறது. என்ன செய்யலாம்?

மேலே சொன்ன 'அகா' பிரச்சினைக்கு இது நேர் எதிர். இதன் பெயர் சாட்டரிங். சுவிட்சுக்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் தொட்டு விலகுவதுதான் ஒரு தட்டு. உப்புக்காற்றும் ஈரமும் அந்தத் தொடுமுனையில் ஒரு படலம் ஏற்றிவிடும், தூசி அதில் ஒட்டும். தொடும்போது ஒரே தொடுதலாக இல்லாமல் விட்டு விட்டுத் தொடும், கம்ப்யூட்டர் அதை இரண்டாக எண்ணிக்கொள்ளும். படலம் இன்னும் தடித்தால் தொடவே தொடாது. பலமாக அழுத்தினால்தான் விழுகிறது என்றீர்களே, அது அந்தக் கட்டம். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் நிலக்கரித் தூளும் சாம்பலும் வேறு சேர்ந்துகொள்ளும்.

முதலில் குற்றவாளி சுவிட்சா, போர்டா என்று பாருங்கள். ஹாட்-ஸ்வாப் கீபோர்டு என்றால் இது சுலபம். யுஎஸ்பி வயரைக் கழற்றுங்கள். கம்பி புல்லரால் (கழற்றும் கருவி) கீகேப்பை, அதாவது கீயின் மேல் மூடியை, நேர் மேலே இழுங்கள். சுவிட்ச் புல்லரின் இரண்டு பற்களும் சுவிட்சின் மேல் பக்கத்திலும் கீழ்ப் பக்கத்திலும் உள்ள கொக்கிகளில் விழ வேண்டும், இடம் வலமாக அல்ல. அழுத்திப் பிடித்து நேராக மேலே இழுங்கள். 'ப' இருக்கும் சுவிட்சையும், நீங்கள் தொடவே தொடாத ஸ்குரோல் லாக் சுவிட்சையும் இடம் மாற்றிப் போடுங்கள். கோளாறு ஸ்குரோல் லாக்குக்குப் போய்விட்டால் சுவிட்ச் கெட்டிருக்கிறது. 'ப'-விலேயே நின்றால் சாக்கெட்டோ சால்டரிங்கோ.

திரும்பப் போடும்போதுதான் பலர் கெடுக்கிறார்கள். அடியில் இருக்கும் இரண்டு செம்புப் பின்களும் நேராக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வளைந்திருந்தால் மெல்ல நிமிர்த்துங்கள். பின் வளைந்த சுவிட்சைப் பலவந்தமாக அமுக்கினால் பின் மடிந்துவிடும், அல்லது அடியில் உள்ள சாக்கெட் சால்டரோடு பிய்ந்து வந்துவிடும். போர்டின் பின்பக்கம் திறந்திருந்தால் ஒரு விரலால் சாக்கெட்டுக்குப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டே அமுக்குங்கள்.

சுவிட்சைச் சுத்தம் செய்ய: 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ஒரு ஊசியில்லா சிரிஞ்சு. கழற்றிய சுவிட்சின் தண்டை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, தண்டு ஓரத்து இடைவெளியில் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். ஐம்பது அறுபது முறை அமுக்கி விடுங்கள். கவிழ்த்து வைத்துச் சில மணி நேரம் உலரவிடுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயும் சரிதான். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் அடிக்காதீர்கள். முதல் நாள் நன்றாக இருக்கும், பிறகு அந்த எண்ணெயில் தூசி பசையாகிவிடும்.

சுவிட்சைக் கழற்ற முடியாத கீபோர்டா? கீபோர்டின் மென்பொருளில் டீபவுன்ஸ் நேரம் (ஒரு தட்டுக்குப் பின் வரும் அதிர்வை எண்ணாமல் காத்திருக்கும் நேரம்) என்று இருந்தால் கூட்டிப் பாருங்கள். பல கீபோர்டுகளுக்குள் ஓடும் கியூஎம்கே ஃபர்ம்வேரில் அது வழக்கமாக 5 மில்லிசெகண்டு. 10 வைத்தால் லேசான சாட்டரிங் நின்றுவிடும், தட்டச்சில் வித்தியாசம் தெரியாது. ஆனால் தொடாத கீக்கு இது மருந்தல்ல.

அடுத்த முறை வாங்கும்போது, ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் சொல்கிறோம்: ஹாட்-ஸ்வாப் இல்லாத மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கவே வாங்காதீர்கள். விளக்கு, அலுமினியம் பாடி எல்லாம் அதற்குப் பிறகு. சுவிட்சில் கெய்ல் பாக்ஸ் வகைக்கு முதலிடம் கொடுங்கள். தொடுமுனை தனிப்பெட்டிக்குள் மூடியிருப்பதால் தூசியும் ஈரமும் எளிதில் போகாது. வேலை முடிந்ததும் ஒரு துணியைப் போட்டு மூடுவதும் நிஜமாகவே ஆயுளைக் கூட்டும்.

பாரிமுனையிலிருந்து: கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ். ஒரே அறையில் ஐந்து பேர், எல்லாம் பில் என்ட்ரி. என்ன வாங்கலாம்?

நம்பர் பேடு உள்ள முழு அளவுக் கீபோர்டு, டாக்டைல், 45 முதல் 55 கிராம். கிளிக்கி வகை ஐந்து பேர் அறைக்கு ஆகாது, போனில் பேசுபவருக்கு மறுமுனை கேட்காது. நம்பர் பேடின் என்டர், பிளஸ் கீக்களுக்கு அடியில், அவை சாயாமல் இறங்க, ஸ்டெபிலைசர் கம்பி இருக்கும். வாங்கும்போது அவற்றின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் தனித்தனியாக அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தினாலும் சிக்காமல் இறங்க வேண்டும்.

வியாசர்பாடியிலிருந்து: ஒரே ரூம் வீடு. ராத்திரி ஷிஃப்ட் வேலை, பக்கத்தில் குழந்தை தூங்குகிறது. மெக்கானிக்கலே கூடாதா?

தாராளமாக வாங்கலாம். சைலன்ட் லீனியர் அல்லது சைலன்ட் டாக்டைல் என்று கேளுங்கள். தண்டின் மேலும் கீழும் சின்ன ரப்பர் இருக்கும். அடியில் மோதும் சத்தமும், திரும்பி மேலே வந்து மோதும் சத்தமும் இரண்டுமே அடங்கும். கீகேப்புக்குள் ரப்பர் வளையம் மாட்டும் வழி கீழ்ச் சத்தத்தை மட்டும்தான் குறைக்கும்.

சுவிட்சை மாற்றிய பிறகும் 'கடகட' என்று கேட்டால் அது ஸ்பேஸ் பார். அதன் ஸ்டெபிலைசர் கம்பியின் இரு முனைகளிலும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் ஒரு கடுகளவு வையுங்கள், அடங்கிவிடும். இரும்பு மேஜை என்றால் கீபோர்டுக்கு அடியில் ரப்பர் பாய் ஒன்று கட்டாயம்.

சுவிட்சுக்கு லூப் (உராய்வைக் குறைக்கும் கிரீஸ்) போட ஆசைப்பட்டால்: லீனியருக்கு கிரைடாக்ஸ் 205ஜி0, டாக்டைலுக்கு அதைவிட மெல்லிய டிரைபோசிஸ் 3203. 5 மில்லி டப்பா ஒரு முழுக் கீபோர்டுக்குத் தாராளம். பூஜ்ய எண் தூரிகையால் தண்டின் பக்கங்களிலும் அடிப்பெட்டியின் தடங்களிலும், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாக. டாக்டைலில் தண்டின் இரண்டு கால்களைத் தொடாதீர்கள், 'தட்டு' மழுங்கிவிடும். உலோகத் தகட்டின் தொடுமுனையில் பட்டால் கீ சரியாக வேலை செய்யாமல் போகலாம். கிளிக்கி வகைக்கு லூப்பே வேண்டாம்.

பெரம்பூரிலிருந்து: ஹால் எஃபெக்ட் கீபோர்டு வாங்கலாமா? ரேபிட் டிரிகர் போட்டால் கேமில் பான் (தடை) ஆகிவிடும் என்கிறான் நண்பன்.

ஹால் எஃபெக்டில் உலோகத் தொடுதலே இல்லை. தண்டில் காந்தம், போர்டில் சென்சார். அரிக்கத் தொடுமுனை கிடையாது என்பதால் சாட்டரிங்கும் கிடையாது. நம் ஊர் காற்றுக்கு இதுவே பெரிய காரணம். விழும் ஆழத்தையும் கீக்கு கீ நீங்களே வைக்கலாம். டபிள்யூ, ஏ, எஸ், டி நான்குக்கு 0.5 முதல் 1 மி.மீ., மற்ற எல்லாவற்றுக்கும் 2 மி.மீ. வைத்து ஆரம்பியுங்கள். எல்லாவற்றையும் 0.1-க்கு இறக்கிவிட்டு "தானாக எழுத்து விழுகிறது" என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

ரேபிட் டிரிகர் என்பது விரலைக் கொஞ்சம் தூக்கினாலே கீ விடுபடுவது. தடை அதற்கு இல்லை. எதிரெதிர் கீ இரண்டையும் அழுத்தியிருக்கும்போது கடைசியாக அழுத்தியதை மட்டும் தானாக எடுத்துக்கொள்ளும் ஸ்னாப் டாப் போன்ற வசதிகளைத்தான் 2024 ஆகஸ்டில் வால்வ் நிறுவனம் கவுன்டர்-ஸ்டிரைக் 2-இன் அதிகாரபூர்வ சர்வர்களில் தடுத்தது. உங்கள் கீபோர்டில் அந்த வசதி இருந்தால் அந்த ஆட்டத்துக்கு அணைத்து வையுங்கள்.

கவனிக்க வேண்டியது: சாதாரண மெக்கானிக்கல் சுவிட்ச் இந்த போர்டுகள் பெரும்பாலானவற்றில் வேலை செய்யாது. ஒரு கம்பெனியின் காந்த சுவிட்ச் இன்னொரு போர்டில் வேலை செய்யும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. காந்தத்தின் துருவமும் பலமும் மாறும். டாக்டைல் 'தட்டு' வேண்டுபவர்களுக்கு இது பொருந்தாது, பெரும்பாலும் எல்லாமே லீனியர்.

புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து: ரிச்சி ஸ்ட்ரீட் போகிறேன். கடையில் என்ன பார்த்து வாங்க வேண்டும்?

லேப்டாப்பையோ ஓடிஜி வயரோடு போனையோ எடுத்துப் போங்கள். எல்லாக் கீயையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றையும் வேகமாக இரண்டிரண்டு தட்டு: இரண்டுதான் விழ வேண்டும், ஒன்றும் கூடாது, மூன்றும் கூடாது. ஹாட்-ஸ்வாப் என்றால் சாக்கெட் எந்த வகை என்று கேளுங்கள். விலை குறைந்த சில போர்டுகளில் அவுட்டெமுவின் மெல்லிய பின் மட்டும் நுழையும் சாக்கெட் இருக்கும், பிறகு வேறு சுவிட்ச் போட முடியாது. மூன்று பின் சாக்கெட்டில் ஐந்து பின் சுவிட்ச் போட வேண்டுமானால் ஓரத்தில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் கால்களை வெட்டிவிடலாம், உலோகப் பின்னை அல்ல. சுவிட்ச் புல்லரும் கீகேப் புல்லரும் பெட்டியில் இருக்கின்றனவா பாருங்கள். கூடவே அதே சுவிட்ச் ஐந்தாறு உதிரியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.