அப்பாவின் மாஸ்டெக் பங்கும் காணாமல் போன மஜெஸ்கோவும்

மும்பை முலுண்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா மாஸ்டெக் கம்பெனியின் 100 பங்குகளைக் காகித வடிவில் வைத்திருந்தார். 2019-ல் இறந்துவிட்டார், உயில் இல்லை. இப்போது பீரோவை ஒழித்தபோது அந்தச் சான்றிதழும், 2015-ல் மஜெஸ்கோ பங்கு தரப்படும் என்று வந்த கடிதமும் கிடைத்திருக்கின்றன. தாராவியிலிருந்து வீடு மாறியதில் மஜெஸ்கோ சான்றிதழ் கைக்கு வரவே இல்லை. "மஜெஸ்கோவை அமெரிக்காக்காரன் வாங்கிட்டான், அது செல்லாது; மாஸ்டெக்குக்கு நான்தான் நாமினி, அது எனக்கு" என்கிறாராம் அண்ணன். அம்மாவுக்கும் தங்கைக்கும் உரிமை உண்டா என்பது கேள்வி.

உங்கள் அண்ணன் சொன்ன இரண்டுமே தவறு. முதலில் கம்பெனிக் கதையைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பணம் எங்கே கிடக்கிறது என்பது அதில்தான் இருக்கிறது. மாஸ்டெக் 1982-ல் மும்பையில் தொடங்கிய மென்பொருள் கம்பெனி. அதன் இன்சூரன்ஸ் மென்பொருள் தொழிலை 2015-ல் தனியாகப் பிரித்து, ஒரு மாஸ்டெக் பங்குக்கு ஒரு மஜெஸ்கோ லிமிடெட் பங்கு என்று கொடுத்தார்கள். அதாவது அப்பாவுக்கு 100 மஜெஸ்கோ பங்குகள் சேர வேண்டும். இந்த மஜெஸ்கோ லிமிடெட்டிடம் அமெரிக்காவில் அதே பெயரில் இருந்த இன்னொரு கம்பெனியின் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருந்தது, 2020-ல் தோமா பிராவோ என்ற முதலீட்டு நிறுவனம் பங்குக்கு 16 டாலர் வீதம் வாங்கியது அந்த அமெரிக்கக் கம்பெனியைத்தான். அப்பா பங்குதாரராக இருந்த இந்தியக் கம்பெனியை அல்ல. இந்தியக் கம்பெனி விற்றவர், வாங்கப்பட்டவர் இல்லை, குழப்பமே இங்கேதான்.

விற்ற பணம் என்ன ஆனது? 2020 டிசம்பரில் மஜெஸ்கோ லிமிடெட் பங்கு ஒன்றுக்கு 974 ரூபாய் இடைக்கால டிவிடெண்ட் அறிவித்தது. உங்கள் 100 பங்குக்கு 97,400 ரூபாய், வரிப் பிடித்தம் போக மீதி. செல்லாத பேப்பர் என்றாரே, அதற்கு ஒரே தடவையில் வந்த டிவிடெண்ட் இது! அடுத்த வருஷமே கம்பெனி கைமாறி, ஆரம் ப்ராப்டெக் என்று பெயர் மாறி, ரியல் எஸ்டேட் தொழில்நுட்பப் பக்கம் போய்விட்டது. பெயரும் தொழிலும் மாறினாலும் சட்டத்தின் கண்ணில் அதே கம்பெனிதான், அதனால் பங்கும் அப்பா கணக்கிலேயே இருக்கும். நீங்கள் எழுதிக் கேட்க வேண்டியது ஆரமின் பங்குப் பதிவாளரிடம், அமெரிக்க மஜெஸ்கோவுக்கு மெயில் போட்டுப் பயனில்லை. மாஸ்டெக் சான்றிதழில் இருக்கும் ஃபோலியோ எண் (பங்குதாரரின் கணக்கு எண்), அப்பாவின் பெயர் அதில் இருக்கிற அதே எழுத்துக்கூட்டலில், பழைய தாராவி முகவரி, மூன்றையும் கடிதத்தில் எழுதுங்கள். திரும்பி வந்த சான்றிதழ்களைக் கம்பெனிகள் கோரப்படாத பங்குகளுக்கான தனிக் கணக்கில் வைத்திருப்பார்கள், அதில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இதில் அவசரம் உண்டு. கம்பெனிகள் சட்டம் 124-வது பிரிவின்படி, வாங்கப்படாத டிவிடெண்ட் தனிக் கணக்குக்குப் போன நாளிலிருந்து 7 வருஷம் ஆனால் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்கு (ஐ.இ.பி.எஃப்.) போய்விடும், தொடர்ந்து 7 வருஷம் டிவிடெண்ட் வாங்காத பங்குகளும் கூடவே போகும். 974 ரூபாய்க்கு அந்தக் கெடு 2028 தொடக்கத்தில் முடிகிறது. அப்புறமும் வாங்கலாம், ஆனால் அலைச்சல் கூடும். மாஸ்டெக் டிவிடெண்டையும் பல வருஷமாக வாங்கவில்லை என்றால் அந்தப் பங்குகள் இப்போதே நிதிக்குப் போயிருக்கலாம், ஐ.இ.பி.எஃப். இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடிப் பாருங்கள்.

சரி, யாருக்குச் சேரும்? நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைக்கிறவர்தான், சொந்தக்காரர் அல்ல. பங்குகளுக்கும் இதே விதிதான் என்று சக்தி யெஸ்தானி வழக்கில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. உயில் இல்லாததால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை நால்வருக்கும் சம பங்கு. அப்பாவின் அம்மா அப்போது உயிரோடு இருந்திருந்தால் அவரும் சேர்த்தி. தங்கைக்குக் கல்யாணமாகிவிட்டது என்பதெல்லாம் கணக்கே இல்லை. அவர் கையெழுத்து இல்லாமல் எந்தக் காகிதமும் போகக் கூடாது என்று அண்ணனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

தொகை சிறியதென்றால் எல்லோருடைய பிரமாணப் பத்திரம், ஆட்சேபணையின்மைக் கடிதம், ஈட்டுறுதிப் பத்திரம் (பிறகு நஷ்டம் வந்தால் ஈடுகட்டுவோம் என்ற உறுதி) முதலியவற்றோடு முடியலாம். வரம்பைத் தாண்டினால் நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழ் வாங்க வேண்டும், அப்பா கடைசியாக வாழ்ந்தது மும்பை என்பதால் மனுவும் இங்கேதான். அதற்காக ஊருக்கு ரயிலேறாதீர்கள். பங்கு இப்போது டீமேட்டாகத்தான், அதாவது காகிதமில்லாத மின்னணு வடிவில்தான் கிடைக்கும், யார் பெயருக்கு மாற்றுகிறீர்களோ அவருக்குக் கணக்கு தொடங்கி வையுங்கள். பதிவாளர் இழுத்தடித்தால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார்த் தளத்தில் புகார் போடுங்கள்.

இன்னொன்று, "இவ்வளவு சதவீதம் கொடுங்கள், மீட்டுத் தருகிறோம்" என்று போன் வந்தால் ஃபோலியோ எண்ணைக்கூடச் சொல்லாதீர்கள். அந்த நிதிக்குப் போனதைத் திரும்பக் கேட்கும் ஐ.இ.பி.எஃப்.-5 படிவத்தை நீங்களே நிரப்பலாம்.