மலேரியா ஊசிக்குப் பிறகு சலம் கறுத்துப் போவது ஏன்?

கேள்வி: நாங்கள் முள்ளியவளை. மொசாம்பிக்கில் கட்டட வேலை செய்துவிட்டு வந்த என் கணவருக்கு மலேரியா கடுமையாகி, வைத்தியசாலையில் ஆட்டிசுனேட் ஊசி போட்டார்கள். பிறகு குளிசை தந்து, கிருமி இல்லை என்று வீட்டுக்கு விட்டார்கள். முதல் ஊசி போட்டு இரண்டு கிழமை. நேற்றிலிருந்து சலம் பிளேன்ரீ நிறத்தில் போகிறது, கண்ணும் மஞ்சள். காய்ச்சல் இல்லை. செங்கமாரிதான் என்று மாமி கீழ்க்காய்நெல்லி அரைத்து வைத்திருக்கிறா. கொடுக்கலாமா?

பதில்: கீழ்க்காய்நெல்லி இருக்கட்டும். இன்றைக்கே அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். டயக்னோசிஸ் காட்டைக் காட்டி, மலேரியா வந்ததையும் ஆட்டிசுனேட் போட்ட திகதியையும் நீங்களாகவே சொல்லுங்கள். யுத்த காலத்தில் வன்னியெங்கும் மலேரியாதான். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று அறிவித்தது. இன்றைய இளம் வைத்தியர்கள் பலர் மலேரியா நோயாளி ஒருவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஊசி போட்ட அந்தத் திகதிதான் முக்கியம். ஆட்டிசுனேட் கிருமியை மிக வேகமாகக் கொல்லும். செத்த கிருமியை மண்ணீரல் செங்குழியத்திலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டு, குழியத்தைத் திரும்ப இரத்தத்துக்குள் விடுகிறது. அப்படித் தப்பிய குழியங்களுக்கு ஆயுள் குறைவு. ஒன்று முதல் மூன்று கிழமைக்குள் அவை உடையும். இரத்தம் குறையும், கண் மஞ்சளாகும், சலம் கறுக்கும். இரத்தத்தில் கிருமி நிறைய இருந்தவர்களுக்கே இது கூடுதலாக வருகிறது. ஈரலில் வரும் செங்கமாரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பிறைமாகுவின் குளிசையும் கொடுத்திருப்பார்கள். ஜி6பிடி என்ற நொதியம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அதுவும் செங்குழியத்தை உடைக்கும். ஆனால் அது பெரும்பாலும் குளிசை எடுத்த சில நாட்களுக்குள்ளேயே தெரிந்துவிடும். உங்கள் கணவருக்கு இரண்டு கிழமை ஆகிவிட்டதால் என் சந்தேகம் ஊசியின் பக்கம்தான். எதற்கும் ஜி6பிடி பரிசோதனை செய்தார்களா என்று கேளுங்கள். மலேரியா திரும்பிவிட்டதா என்று இரத்தப் பூச்சும் பார்க்க வேண்டும்.

ஹீமோகுளோபினும் சிறுநீரகமும் பார்ப்பார்கள். அநேகமானோருக்கு இது தானாகவே அடங்கிவிடும், சிலருக்கு இரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஊசி போட்டு நாலு கிழமை முடியும்வரை கிழமைக்கொருக்கால் இரத்தம் சோதிப்பது நல்லது. வழியில் மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றினாலோ, சலம் குறைந்தாலோ 1990 அம்புலன்சுக்கு எடுங்கள், மோட்டார்சைக்கிளில் ஏற்ற வேண்டாம்.

இன்னொன்று. ‘இந்த ஊசி இவருக்கு ஒத்துக்கொள்ளாது’ என்று வீட்டில் பேச்சு கிளம்பும். அப்படி எங்கேயும் எழுதுவிக்காதீர்கள். இது ஒவ்வாமை அல்ல. முன்பு கொடுத்த குயினைனைவிட இந்த ஊசி கூடுதலான உயிர்களைக் காப்பாற்றுகிறது. கடவுள் காக்க, திரும்பவும் கடும் மலேரியா வந்தால் அவருக்கு முதலில் போட வேண்டியது இதே ஊசிதான்.