உட்சக்குக்கு எத்தனை கிலோ விறகு?

கேள்வி: ‘ஹவ் மச் உட் உட் எ உட்சக் சக், இஃப் எ உட்சக் குட் சக் உட்?’ என்பதை என் மகனுக்குப் பள்ளியில் பயிற்சியாகக் கொடுத்திருக்கிறார்கள். ‘உட்சக் என்ற பிராணியால் விறகு எறிய முடிந்தால் எவ்வளவு எறியும்?’ என்று அர்த்தமாம். 700 பவுண்டு என்று விடையும் சொல்கிறார்களே, நிஜமா? அவனுக்கு நாக்கு வேறு புரளமாட்டேன் என்கிறது!
— ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: 700 பவுண்டு விளையாட்டுக்குச் சொன்ன கணக்கு. விளையாட்டாகவே சோதித்தாலும் அது தேறாது.

1988இல் நியூயார்க் மாநில வனவிலங்கு அலுவலர் ரிச்சர்ட் தாமஸ் போட்ட கணக்கு அது. உட்சக், வட அமெரிக்காவில் வளை தோண்டி வாழும் பிராணி. அணில் குடும்பம்தான், ஆனால் 3 முதல் 5 கிலோ வரை தேறும். ஒரு வளைக்காக அது வெளியே தள்ளும் மண் சுமார் 35 கன அடி. மண்ணுக்குப் பதில் அதே அளவு விறகு என்றால் 700 பவுண்டு, நம் கணக்கில் 317 கிலோ.

35 கன அடி என்பது ஏறக்குறைய ஒரு கன மீட்டர். அவ்வளவு மண் ஒரு டன்னுக்கு மேல் நிற்கும். ஈரமாக இருந்தால் ஒன்றரை டன்னையும் தாண்டும். டன் கணக்கில் மண் தள்ளியவனுக்கு 317 கிலோவுக்குக் கூலி போடுவது அநியாயம் இல்லையா? எடை வேண்டாம், கன அளவுதான் பேச்சு என்றால், என்ன மரம் என்றாவது சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்து மரங்களில் மிக இலேசான ‘ஒயிட் சீடர்’ மரத்துக்கு 317 கிலோ ஏறக்குறைய ஒத்துவரும். ஓக் என்றால் அதே கன அளவு இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும்.

அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மண் உதிரும், விறகு உதிராது. உட்சக் முன்னங்கால் நகத்தால் கிளறிப் பின்னங்காலால் தள்ளுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்ததுதான் அந்த ஒரு டன். கட்டையை அப்படித் தள்ள முடியாது. பீவரைப்போல மரத்தைக் கடித்து வீழ்த்துகிற வழக்கமும் இதற்கு இல்லை. புல், க்ளோவர் என்ற தீவனச் செடி, கிடைத்தால் யாருடைய தோட்டத்து பீன்ஸாவது தின்னும், அவ்வளவுதான். இலையுதிர்காலக் கடைசியில் வளைக்குள் போய்ச் சுருண்டால் பிப்ரவரி, மார்ச் வரை தூக்கம். அந்த மாதங்களுக்கு விடை பூஜ்யம். இதில் மட்டும் விவாதமே கிடையாது. (பிப்ரவரி 2 அன்று பென்சில்வேனியாவின் பங்ஸடானி ஊரில் இதே பிராணியைத் தூக்கிக் காட்டி, குளிர்காலம் எப்போது முடியும் என்று கேட்கிறார்கள். விறகைப் பற்றி யாரும் கேட்பதில்லை.)

பழைய பதில் ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான்: ‘முடிந்தால், முடிந்த அளவு எறியும்’. ஆங்கிலத்தில் அதுவும் நாக்கைச் சோதிக்கும்: ‘எ உட்சக் உட் சக் ஆஸ் மச் உட் ஆஸ் எ உட்சக் குட் சக், இஃப் எ உட்சக் குட் சக் உட்.’ கேள்வியிலேயே ‘முடிந்தால்’ என்று போட்டுவிட்டவருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

இனி நாக்கு. அந்த ஒரு வரியில் ‘உட்’ 5 முறை, ‘சக்’ 4 முறை வருகிறது. தமிழில் எழுதி வைத்துப் படித்தால் இரண்டு இடத்தில் தவறும். ‘சக்’கை ‘சர்க்கரை’யின் சகரம்போலச் சொன்னால் ‘ஸக்’ ஆகிவிடும். ‘பச்சை’யில் வருகிற அழுத்தம் வேண்டும். ‘உட்’டுக்கு முன் உதட்டை நன்றாகக் குவித்து விடவேண்டும், பல் உதட்டில் பட்டால் அது ‘வுட்’. பலரும் விழுகிற இடம் ‘குட் சக்’. அதற்குச் சற்று முன்புதான் ‘உட்சக்’ ககரத்தில் முடிந்திருக்கும், உடனே இன்னொரு ககரம். அவசரத்தில் ககரமும் சகரமும் இடம் மாறி ‘சுட் கக்’ என்று வந்துவிடும்.

முதலிலிருந்து சொல்லிப் பழக வேண்டாம், கடைசியிலிருந்து கட்டச் சொல்லுங்கள். ‘சக் உட்’, பிறகு ‘குட் சக் உட்’, பிறகு ‘எ உட்சக் குட் சக் உட்’. இது பிசகாமல் வந்தபின் ‘இஃப்’பைச் சேர்த்து, அப்புறம் முன்பாதிக்குப் போகலாம். ‘இஃப்’புக்கு முன் ஒரு சிறு நிறுத்தம், அங்கே நாக்கு தன் இடத்துக்குத் திரும்பிவிடும். தொடர்ந்து ஐந்து முறை நிதானமாக வந்த பிறகே வேகம். வகுப்பில் யாராவது 700 பவுண்டு என்று ஆரம்பித்தால், உங்கள் மகன் ‘எந்த மரம் சார்?’ என்று கேட்கட்டும்.