முதன்முதலில் போட்டோ எடுத்தவர்கள் ஏன் சிலைகளையே அவ்வளவு எடுத்தார்கள்?

சிலை அசையாது, அதுதான் முதல் காரணம். 1839 வாக்கில் ஒரு படம் பதியவே பல நிமிடம் ஆகும், அவ்வளவு நேரம் எந்த மனிதர் ஆடாமல் உட்காருவார்? அப்புறம் நிறம். அன்றைய ரசாயனப் பூச்சுக்குச் சிவப்பும் மஞ்சளும் சரியாகப் பிடிபடாது, வெள்ளை பிளாஸ்டர் சிலைக்கு அந்தத் தொல்லையே இல்லை. பிரான்சில் போட்டோக் கலையின் முன்னோடிகளான டாகேர், பயார் இருவருமே பிளாஸ்டர் உருவங்களை எடுத்தவர்கள்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தவர் இன்னொரு முன்னோடியான இங்கிலாந்தின் டால்பட். லேகாக்கில் தன் வீட்டில் இருந்த, கிரேக்கப் புராண வீரன் பட்ரோக்ளஸின் மார்பளவுச் சிலையைத் திரும்பத் திரும்ப எடுத்தார். 1844இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய 'தி பென்சில் ஆஃப் நேச்சர்' நூலில் அந்த ஒரே சிலைக்கு இரண்டு படங்கள்! நேர் வெயிலில் நிழல் கறுப்பாக அடித்துவிடும், மேகமூட்டமே நல்லது, வெயிலில்தான் எடுக்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்து நிழலுக்கு வெளிச்சம் கொடுங்கள் என்கிறார். இன்றைய ஸ்டூடியோவில் ரிஃப்ளெக்டர் செய்வதும் அதே வேலைதான். சிலையைக் கொஞ்சம் திருப்பினாலே வேறொரு படம் கிடைக்கும் என்பதையும் அவர் கவனித்திருக்கிறார்.

நம் பக்கம் பார்த்தால், சென்னை அருங்காட்சியகத்தில் இருந்த அமராவதிச் சிற்பங்களை 1858இல் ஆங்கிலேயப் புகைப்படக்காரர் லின்னேயஸ் ட்ரைப் எடுத்தார்.