தாத்தாவின் மைக் செட்டுக்கு உயிர் கொடுக்கலாமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் தாத்தா மைக் செட் வாடகைக்கு விட்டவர். பூப்பல்லக்கு, காதுகுத்து, அரசியல் கூட்டம் என்று ஊரெல்லாம் சுற்றிய வால்வு ஆம்ப்ளிஃபையர் ஒன்று பரணில் கிடந்தது. இறக்கித் தூசி தட்டி பிளக்கில் செருகினேன். வால்வுகள் சிவப்பாக எரிந்தன. 'கொர்ர்' என்று ஒரே இரைச்சல். மெழுகு உருகும் வாசனை வந்ததும் பயந்து அணைத்துவிட்டேன். இ.எல்.84 இரண்டு, இ.சி.சி.83 இரண்டு, இ.இசட்.81 ஒன்று இருக்கின்றன. எல்லா வால்வுகளையும் மாற்றிவிடலாமா? எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்குமா? சால்டரிங் ஓரளவு வரும், சர்க்யூட் படம் பார்க்கத் தெரியாது."

அணைத்தீர்களே, நல்ல காரியம். இன்னும் பத்து நிமிடம் விட்டிருந்தால் டிரான்ஸ்ஃபார்மரே போயிருக்கலாம். வால்வுக்கு இப்போதைக்குக் காசு செலவழிக்காதீர்கள். பழைய செட்டில் முதலில் சாவது கண்டென்சர். உங்கள் இரைச்சல், மெழுகு வாசனை இரண்டுமே அதைத்தான் காட்டுகின்றன. புது வால்வைப் போட்டால் அதையும் இந்தச் செட் தின்றுவிடும்.

வேலையைத் தொடங்குமுன் உயிர் விஷயம். உங்கள் செட்டுக்குள் 300 வோல்ட் அளவுக்கு டி.சி. ஓடும். பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆன பிறகும் ஃபில்டர் கண்டென்சரில் (அலுமினிய டப்பா மாதிரி நிற்பது) அது தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நல்ல இன்சுலேஷன் உள்ள கிளிப் வயரைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பைச் சேஸிஸில் (எல்லாம் பொருத்தியிருக்கும் உலோகத் தட்டு) மாட்டி, மற்றதைக் கண்டென்சரின் பாசிட்டிவில் வைத்துப் பத்து விநாடி பிடியுங்கள். அப்புறம் மீட்டரில் பாருங்கள், ஐந்து வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் 'டப்' என்று ஷார்ட் செய்து காட்டும் வீரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளாதீர்கள். கரண்ட் உள்ள செட்டில் அளக்கும்போது மீட்டரின் கறுப்பு வயரைச் சேஸிஸில் கிளிப் போட்டுவிட்டு, இடது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை, இது உங்களுக்கல்ல, இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு. வால்வு நம்பர் 'யு' எழுத்தில் தொடங்கினால், யு.எல்.84 மாதிரி, பெரும்பாலும் அந்தச் செட்டில் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் இருக்காது. சேஸிஸே நேரடியாக ஃபேஸில் நிற்கலாம். முதல் பாடத்துக்கு அது வேண்டாம். 'இ' வரிசை என்றால் ஹீட்டருக்கு 6.3 வோல்ட், அதைக் கொடுக்க டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். உங்களுடையது அந்த வகை.

சரி, முதல் செலவு: ஒரு குண்டு பல்ப். சீரிஸ் லேம்ப் போர்டு ஒன்று செய்துகொள்ளுங்கள். ஃபேஸ் வயர் 100 வாட் பல்ப் வழியாகப் போய் செட்டுக்குள் நுழைய வேண்டும், அவ்வளவுதான். எல்.இ.டி. பல்ப் இதற்கு உதவாது. இப்போது எல்லா வால்வுகளையும் கழற்றிவிட்டு, அடிப்பக்கத்தைத் தொடாமல், சுவிட்சைப் போடுங்கள். பல்ப் எரியாமல் இருந்தாலோ, இழை லேசாகச் சிவந்தாலோ மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் பிழைத்துக்கொண்டது. பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். டிரான்ஸ்ஃபார்மரே ஷார்ட் என்றால் வைண்டிங் கடைக்குப் போக வேண்டும். செலவைக் கேட்டுக்கொண்டு, தாத்தா மேல் உள்ள பாசத்தையும் எடைபோட்டு முடிவு செய்யுங்கள்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கண்டென்சரை வடித்த பிறகு, மீட்டரின் ஓம் நிலையில் பாருங்கள். ஹெச்.டி. (அந்த 300 வோல்ட் டி.சி.) வரும் நடு முனையிலிருந்து இரண்டு இ.எல்.84 ஹோல்டர்களின் 7ஆம் பின்னுக்கும் ஏறக்குறைய ஒரே ஓம் காட்ட வேண்டும். ஒரு பக்கம் எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது.

அடுத்து அடிப்பக்கத்தை நாலு கோணத்தில் போட்டோ எடுங்கள். சர்க்யூட் படம் தெரியாதவருக்கு அந்தப் போட்டோதான் படம். ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் ஒன்றைப் பற்றவைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட வேண்டும். உற்சாகத்தில் பத்தையும் வெட்டிப் போட்டுவிட்டு முழிக்காதீர்கள்.

அலுமினிய டப்பா மாதிரி நிற்கிறதே, அதுதான் ஃபில்டர் கண்டென்சர். அழகுக்கு மேலே அப்படியே நிற்கட்டும், ஆனால் அதன் இணைப்புகளை எடுத்துவிட்டு, அடியில் ஒரு டேக் ஸ்டிரிப் (வயர் பற்றவைக்கும் முனைகள் உள்ள பட்டை) வைத்துப் புதியதைப் போடுங்கள். 450 வோல்ட் தாங்க வேண்டும். 'பெரிசாப் போட்டா இரைச்சல் சுத்தமா நிக்கும்' என்று யாராவது 220 மைக்ரோஃபாரட் கொடுத்தால் வாங்காதீர்கள். ஏ.சி.யை டி.சி.யாக்கும் வால்வான இ.இசட்.81 தன்னை அடுத்த முதல் கண்டென்சரில் 50 மைக்ரோஃபாரட் வரைதான் தாங்கும். 47 போதும்.

பிறகு மெழுகு பூசிய காகிதக் கண்டென்சர்கள். திரி எரிந்து முடிந்த மெழுகுவத்தி மாதிரி பக்கவாட்டில் வழிந்திருக்கும். இவற்றில் முக்கியமானவை இ.எல்.84இன் 2ஆம் பின்னுக்குப் போகும் இரண்டு. முந்தைய வால்வின் டி.சி.யைத் தடுத்து, பாட்டை மட்டும் அந்தப் பக்கம் விடுவதுதான் இவற்றின் வேலை. கசியத் தொடங்கினால் அந்த 2ஆம் பின்னில், அதாவது கிரிட்டில், பாசிட்டிவ் வோல்ட் ஏறும், வால்வு கட்டுப்பாடில்லாமல் கரண்ட் இழுக்கும், உள்ளே பிளேட் சிவந்து பழுக்கும். நீங்கள் பார்த்த சிவப்பு நடுவில் இழை மட்டும் என்றால் சரி, அது ஹீட்டர். சாம்பல் நிறத் தகடே சிவந்திருந்தால் ஆபத்து. எழுதியிருக்கும் அதே மைக்ரோஃபாரட்டில், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் போடுங்கள். இந்த வகையில் ஒன்றையும் பழையது விடக் கூடாது.

ரெசிஸ்டர்கள் வயதானால் மதிப்பு ஏறும். 20 சதவீதத்துக்கு மேல் ஏறியதை மாற்றினால் போதும். மெயின்ஸ் வயர் இரண்டு பின் என்றால் மூன்று பின்னாக்கி, எர்த்தைச் சேஸிஸில் தனி போல்ட் போட்டு இறுக்குங்கள். ஃப்யூஸ் ஃபேஸில் இருக்கட்டும். மெயின்ஸிலிருந்து சேஸிஸுக்கு ஒரு சின்னக் கண்டென்சர் போட்டிருந்தால் வெட்டி எறியுங்கள்.

ஸ்பீக்கர் மாட்டாமல் வால்வு செட்டை ஓட்டாதீர்கள். ஒரு முறை அவசரத்தில் ஸ்பீக்கர் இல்லாமலே சிக்னல் கொடுத்து வால்யூமைத் திருப்பினேன். உள்ளே 'சிட் சிட்' என்று பொறி தெறித்தது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போயேவிட்டது. பின்பக்கம் 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை இருக்கலாம். அது குழாய் ஸ்பீக்கர்களுக்கு. வீட்டு ஸ்பீக்கரை 8 ஓம் முனையில் கொடுங்கள், முதல் நாள் உடைந்தாலும் பரவாயில்லை என்கிற ஸ்பீக்கராக இருக்கட்டும்.

இப்போது வால்வுகளைச் செருகி, சீரிஸ் லேம்ப் வழியாகப் போடுங்கள். பல்ப் சட்டென்று பிரகாசமாகி, மங்கி, வால்வுகள் சூடானதும் மறுபடி கொஞ்சம் ஏறி நின்றால் சரி. அதன் பிறகு நேராக மெயின்ஸில் கொடுத்து, இ.எல்.84இன் 3ஆம் பின்னில் அளந்து பாருங்கள். உதாரணத்துக்கு, அந்தப் பின்னிலிருந்து சேஸிஸுக்கு அந்த வால்வுக்கென்று தனியாக 270 ஓம் ரெசிஸ்டர் இருந்து 10 வோல்ட் காட்டினால், 37 மில்லி ஆம்பியர். 300 வோல்ட்டில் சுமார் 11 வாட். இ.எல்.84இன் பிளேட் தாங்குவது 12. அதே இடத்தில் 17 வோல்ட் என்றால் உடனே அணையுங்கள், எங்கோ இன்னும் கசிகிறது.

வால்வு பற்றிக் கேட்டீர்களே. உச்சியில் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள், பூச்சு பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அது மட்டும் குப்பைக்கு. நம் ஜாலஹள்ளி பி.இ.எல். (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) ஒரு காலத்தில் இ.எல்.84, இ.சி.சி.83 எல்லாம் செய்தது. உங்கள் செட்டிலேயே அந்தப் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஈரத் துணியால் துடைத்துத் தேடாதீர்கள், எழுத்து கையோடு வந்துவிடும். எஸ்.பி. ரோட்டில் கண்டென்சரும் ரெசிஸ்டரும் வாங்கும்போது, பழைய சரக்கு வைத்திருக்கும் கடைகளில் வால்வைப் பற்றியும் ஒரு வார்த்தை விசாரித்து வையுங்கள். வாங்குவது மேலே சொன்ன அளவெல்லாம் சரியாக வந்த பிறகு.