ரெஜிஸ்டரை இப்போது எழுதாதீர்கள்

கேள்வி: பர்கூர் பக்கம் கல்யாண மண்டபம் நடத்துகிறோம். ரிசப்ஷன் அன்று இரவு கரண்ட் போய், ஜெனரேட்டர் போட ஐந்து நிமிடம் ஆகிவிட்டது. பந்திக்கு இறங்கிய அம்மா ஒருவர் படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்தது. எமர்ஜென்சி லைட் எரியவில்லை. 6 லட்சம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. பழைய பகையில்தான் இப்படிச் செய்கிறார்கள். எலக்ட்ரீஷியன் கடந்த இரண்டு வருடத்துக்கும் விளக்குப் பராமரிப்பு ரெஜிஸ்டரை இப்போது எழுதித் தருகிறேன் என்கிறார். வாங்கி வைக்கலாமா?

பதில்: கூடாது.

பகையை விடுங்கள், மின்வாரியத்தையும் விடுங்கள். கரண்ட் போனதும் அந்தப் படியில் விளக்கு தானாக எரிந்ததா? கேள்வி இது ஒன்றுதான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 படி அவசர விளக்கு 90 நிமிடம் தாங்க வேண்டும். ஆள் ஓடிப்போய்ப் போடும் ஜெனரேட்டர் இதற்கு ஈடாகாது.

எனக்குப் பயம் அந்த ரெஜிஸ்டர் மேல்தான். இருபத்து நான்கு மாதமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து. குறுக்கு விசாரணையில் எலக்ட்ரீஷியன் பத்து நிமிடம் தாங்க மாட்டார். விளக்கு எரியவில்லை என்பதற்குக் கல்யாண வீடியோவே சாட்சி. இன்றைக்கு இது நஷ்டஈட்டுப் பிரச்சினை. போலீசுக்குப் போனாலும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் பிரிவு 125(பி) (அஜாக்கிரதையால் கொடுங்காயம்), அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. கோர்ட் அனுமதியோடு சமரசமும் ஆகலாம். வழக்கில் காட்டப் பொய் ரெஜிஸ்டர் தயாரித்தால் அதே சட்டத்தின் பிரிவு 229, 7 ஆண்டு வரை சிறை. டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில் (1997) 59 பேர் இறந்தார்கள். அந்த வழக்கின் ஆவணங்களைச் சிதைத்ததற்காகவே உரிமையாளர்களுக்கு 2021-இல் தனியாகத் தண்டனை விழுந்தது. மேல்முறையீட்டில் சிறைக்காலம் குறைந்தது, குற்றவாளி என்ற தீர்ப்பு மாறவில்லை.

சமரசம் பேசுங்கள். ஆனால் மண்டபத்துக்குப் பொறுப்புக் காப்பீடு (வந்தவர்களுக்குக் காயம் பட்டால் நஷ்டஈட்டை ஏற்கும் இன்சூரன்ஸ்) இருந்தால் முதலில் அந்தக் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் பணம் கொடுத்துவிட்டு, பிறகு க்ளெய்ம் கிடைக்காமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் பில்லை வாங்கிப் பாருங்கள், தொகையை அதிலிருந்து பேசலாம். பெரியவர் ஒருவரை அனுப்பி அந்த அம்மாவை நலம் விசாரியுங்கள். வலியில் படுத்திருப்பவர் அவர்தான். பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், வங்கி வழியாகக் கொடுத்து ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தையே வாங்குங்கள், மகன் கையெழுத்து போதாது.

அடுத்த முகூர்த்தத்துக்குள் புது விளக்கு மாட்டுங்கள், அதில் தப்பே இல்லை. பழையதைப் போட்டோ எடுத்து, கழற்றிய தேதியைச் சீட்டில் எழுதி ஒட்டிப் பூட்டி வையுங்கள். காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். புது ரெஜிஸ்டர் புது விளக்கு மாட்டிய தேதியில் தொடங்கட்டும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, படியில் நின்று பார்த்து, அன்றைக்கே எழுதுங்கள்.